ஏழாவது பிளேட்

இரவு ஒன்பதரைக்கு பிளேட் அறையிலிருந்து
குலாம் ரசூல் கூப்பிட்டார்.
"மேடம் சிங்கராயர், மெஷினில் இருப்பது ஆறு யூனிட்.
நீங்கள் அனுப்பியிருப்பது ஏழு பிளேட்."

சிங்கராயர் என் அப்பா.
இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன பாஸ்போர்ட் ஆபீஸ் புண்ணியத்தில்
பாண்டிச்சேரியைத் தாண்டாத மனுஷன்
எட்டு வருஷமாக ஷார்ஜாவில் ஓவர்டைம் பார்க்கிறார்.
என் பெயர் அமலோற்பவம்.
அடையாள அட்டையில் இடம் போதாமல்
அமலோற்பா என்று பாதி மூச்சில் நிற்கிறது.

ஏழா?
விரல்விட்டு எண்ணினேன்.
பேரீச்சம்பழப் படத்துக்கு
நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு.
கம்பெனிப் பச்சை ஒன்று. அடியில் பூச வெள்ளை.
ஆறுதான்.
தங்க மை வேண்டாமென்று அபு ஹமத்திடம்
மூன்று நாள் வாதாடி ஜெயித்திருந்தேன்.

அந்தப் பச்சை
நாலு மையைக் கலந்தால் வராது.
ஒரு ரோலில் வாழையிலை, அடுத்த ரோலில் குளத்துப் பாசி
என்று முகம் மாறும்.
அதனால் தனி டப்பா, தனி மை, தனி சேனல்.
பழத்துக்குப் பின்னால் தெரியும் ஈச்ச ஓலைகளை
ஓலை ஓலையாக மாஸ்க் செய்து
நாலு நிறத்திலிருந்தும் பிடுங்கி
அந்த ஒற்றைப் பச்சைக்குள் குடிவைத்திருந்தேன்.

வெள்ளைதான் இன்னும் வினோதம்.
கண்ணாடி பிலிமில் வெள்ளை பூசாவிட்டால்
மேலே எந்த நிறமும் நிற்காது,
பைக்குள் இருக்கும் இருட்டு குடித்துவிடும்.
ஆனால் திரையில் வெள்ளையை
வெள்ளையாகக் காட்டினால் காணாமல் போகும்.
கத்தரிப்பூ வேஷம் கட்டித்தான்
மூன்று நாளாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபைலைத் திறந்தேன்.
வெளியே பதின்மூன்றாம் ஏரியாவில்
கடைசி கேம்ப் பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
பிலிமின் உள்பக்கம் அச்சாவதால்
எல்லாமே கண்ணாடி பிம்பம்.
அரபி எழுத்துகள் புரண்டு
தமிழ் மாதிரி இடமிருந்து வலமாக வருகின்றன.
நேராக இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஒரு புள்ளி உதிர்ந்தால் மட்டும் தெரியும்.

பிறகு அகப்பட்டது.
லேஅவுட் செய்த பெய்ரூட்காரி
பச்சையின் எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே
ஒரு தடவை ஸ்பேஸ் தட்டியிருக்கிறாள்.
படத்தில் நான்
இரண்டு தடவை.

மெஷினுக்குப் பச்சை தெரியாது.
அதற்குத் தெரிந்தது பெயர்.
பெயர் இரண்டு என்றால் பிளேட் இரண்டு:
லோகோ ஒன்றில், ஓலைகள் இன்னொன்றில்.

போன மாதம் பேங்கில் இதே கதை.
பாஸ்போர்ட்டில் 'பவம்', அட்டையில் 'பா'.
கவுன்ட்டர் பெண் இரண்டையும் பார்த்தாள்,
நிமிர்ந்து என்னையும் பார்த்தாள்.
"இதில் நீங்கள் யார்?"
சிங்கராயரும் பக்கத்தில் நின்றார்,
டோக்கன் இல்லாமல்.

ஒரு இடைவெளியை அழித்தேன்.
ஏழு, ஆறானது.
இரண்டு பிளேட் குப்பைக்கு,
நூற்றெண்பது திர்ஹம் என் கணக்குக்கு.
"என்ன தப்பு, மேடம்?" என்றார் குலாம் ரசூல்.
"ஒன்றுமில்லை பாய்."
பொய்யில்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் தப்பு.

நோன்புக்கு முந்தின வாரம்
ரோலா சூப்பர்மார்க்கெட்டில் அடுக்கடுக்காய் அந்தப் பை.
வருகிறவர்கள் வட்ட ஜன்னல் வழியே
பழத்தைப் பார்க்கிறார்கள்.
அந்த வட்டத்தை ஒவ்வொரு சேனலிலும்
வெட்டியெடுத்தவள் நான்.
பை முழுக்க அங்கே மட்டும்தான்
நாங்கள் எதையும் அச்சடிக்கவில்லை.

ஒன்றைக் கவிழ்த்து அடிமடிப்பை நீவினேன்.
கடுகு கடுகாய் ஆறு கட்டங்கள்.
மெஜந்தா ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பச்சை சரி.
பதினெட்டரை திர்ஹம்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்,
லோகோ வெளியே தெரிகிற மாதிரி.